கோரிப்பாளையத்து நகம்

நகம் ஒட்டிக்கொள்ள வந்தவளிடம் கையை நீட்டச் சொல்வதற்கு முன்னால் அந்த அக்கா ஒரு கேள்வி கேட்பார். "எதுக்குக் கடிக்கிற?" சும்மா பழக்கம்தான் என்று சொன்னால் விடமாட்டார். "பழக்கமெல்லாம் சும்மா வந்துருமா? ஒண்ணு பயமா இருக்கும், இல்லைன்னா கோவமா இருக்கும். எதுன்னு சொல்லு. உள்ளதைச் சொன்னாத்தான் என் பசை பிடிக்கும். பொய் சொன்னா நாளைக்கே உதுந்துரும். பெறகு எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது."

பொய் நகம் ஒட்டிப் பிழைத்த ஒருவர் உண்மைக்காக இப்படி மல்லுக்கட்டியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கல்யாணப் பந்தியில் சோற்றைப் பிசையும்போது கட்டைவிரல் நகம் சாம்பாரில் மிதந்தால் என்ன ஆகும் என்ற பயம், மற்ற எல்லாப் பயத்தையும்விடப் பெரியது. அதனால் பெற்ற தாயிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம் கொட்டினார்கள். கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிற ஊரில், அவர் இருந்த சைக்கிள் கடை மாடிக்கு ஏறியவர்கள் மட்டும் அரிச்சந்திரனுக்குத் தங்கச்சிகளாக மாறினார்கள்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம். மதுரைக் கோரிப்பாளையம் தர்காவுக்குப் பக்கத்துத் தெருவில் கீழே அவருடைய வீட்டுக்காரரின் சைக்கிள் கடை, மேலே ஒரே ஒரு அறை. முதலில் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் இருந்த கொழுந்தன் ஒருமுறை ஊருக்கு வரும்போது டப்பா டப்பாவாகப் பிளாஸ்டிக் நகம் கொண்டுவந்தார், கூடவே சின்னக் குழாய்களில் பசையும். நகம் தீரவில்லை, பசை தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு அக்கா ஒட்டியதெல்லாம் சொந்தப் பசை. அது என்ன என்று யாருக்கும் தெரியாது. கீழே பஞ்சருக்குப் போடுகிற சொலூஷன்தான் என்று தெருவில் பேச்சு. கேட்டால் அவருக்கு முகம் சிவந்துவிடும். "சொலூஷன் போட, நான் என்ன டியூப்பா ஒட்டுறேன்?" என்பார்.

ஆனால் வேலை பார்க்கும் விதம் என்னவோ அதேதான். கடித்து மிஞ்சிய நகத்தை உப்புத்தாளால் சொரசொரவென்று தேய்ப்பார். பசை தடவி, ஊதி ஊதிக் காயவிடுவார். பிளாஸ்டிக் நகத்தை வெட்டி அளவு பார்த்து வைத்து அழுத்துவார். மேலே நூலைச் சுற்றிக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அரை மணி நேரம் பத்து விரலிலும் நூலோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மூக்கு அரித்தால் கூட வந்த அம்மாதான் சொரிந்துவிட வேண்டும்.

ஒரேயடியாகக் கடித்துத் தின்றுவிட்டு வருகிறவர்களுக்கு ஒட்டமாட்டார். "ஒரு அரிசி அகலத்துக்காவது நகம் வேணும் தாயி. செவரே இல்லாம எங்கிட்டுச் சித்திரம் எழுத?" என்று சொல்லி, விரல் நுனியில் வேப்பெண்ணெய் தடவிவிட்டுப் பத்து நாள் கழித்து வரச் சொல்வார். அந்தப் பத்து நாளும் கசப்பையும் சேர்த்துக் கடித்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

அவருக்கு இருந்த ஒரே கர்வம் அந்தப் பசை. மருதாணி சரியாகச் சிவக்கவில்லை என்று சொன்னால் சிரித்துக்கொள்வார். நகம் விழுந்துவிட்டது என்று சொன்னால் மட்டும் தாண்டிக் குதிப்பார். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டிய மறுநாளே இரண்டு நகம் விழுந்துவிட்டது என்று அவளுடைய சித்தி சண்டைக்கு வந்தார்.

"பரிச்சைப் பயத்துல கடிக்கிறேன்னுல உங்க புள்ள சொன்னா. அவ பரிச்சை எழுதி எத்தன வருசமாச்சு?"

சித்தி விரல் மடக்கிப் பார்த்தார். ஆறு வருஷம்.

"அப்ப எம் பசை என்ன செய்யும்? பொய்க்கு மேல எம்புட்டு நேரம் அது உக்காந்திருக்கும்?"

சண்டைக்கு வந்த சித்தி, அப்படியானால் அவள் எதற்குத்தான் கடித்தாள் என்ற புதுக் கவலையோடு படியிறங்கிப் போனார். பசை ஜெயித்துவிட்டது. இப்படித்தான் அது எப்போதும் ஜெயித்தது. நகம் நின்றால் பசையின் பெருமை, விழுந்தால் வந்தவளின் பொய்.

ஆண்களும் வந்ததுண்டு. நிச்சயத்தில் மோதிரம் போடும்போது எல்லோர் கண்ணும் விரலில்தானே இருக்கும். துண்டுக்குள் கையை ஒளித்துக்கொண்டு வந்த ஒருவன், துருவிக் கேட்டதும் உள்ளதைச் சொன்னான். மில்லில் சூப்பர்வைசர் என்று பெண் வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம், வேலை போய் நாலு மாதம் ஆகிறதாம். அக்கா உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, இத எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. அங்க போயிச் சொல்லிட்டு வா, ஒட்டிவிடுறேன்." அவன் சொல்லவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. மொட்டை விரலோடு நிச்சயம் முடிந்து, கல்யாணமும் ஆகி, பிள்ளைகுட்டியோடு நன்றாகத்தான் இருந்தான். இதையெல்லாம் பின்னால் அவனே ஊரில் சொல்லிச் சிரிப்பான். உண்மையைச் சொன்னவனுக்கு ஏன் ஒட்டவில்லை என்று அக்காவிடம் கேட்டதும் உண்டு. சட்டம் போட்டவருக்குத் திருத்தம் போடவும் உரிமை உண்டு என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் குரலை எடுத்தால் வைகைக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்கும். அந்தக் குரலில் பொய்தான் உடைபடும், ஒருத்தி சொன்ன உண்மை ஒருநாளும் இன்னொருத்தி காதுக்குப் போனதில்லை. கேள்வி கேட்கும் நேரத்தில் கூட வந்தவர்களைக்கூடக் கீழே அனுப்பிவிடுவார்.

என் சங்கதிக்கு வருகிறேன். கீழக்குயில்குடியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பா ஆனையூரில் வீடு கட்டி, உரக்கடை வைத்து எங்களை டவுனுக்குக் கொண்டுவந்திருந்தார். முதலில் பெண் பார்க்க வந்தவர்களில் பையனின் அத்தை என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன், வீட்டுல புள்ளைக்குச் சோறு போடுறதில்லையா?" என்று கேட்டுவிட்டு எழுந்துகொண்டார். இரண்டாவதாக வந்தவர்கள், நகம் கடிக்கிறவள் இருக்கிற வீட்டில் லெச்சுமி தங்கமாட்டாள் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது இடம் பெரிய இடம். பிடித்திருந்தால் அன்றைக்கே பூ வைத்துவிட்டுத்தான் போவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கம் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அம்மா என்னைக் கோரிப்பாளையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அம்மாவைக் கீழே அனுப்பிவிட்டு அக்கா கேட்டார். சின்ன வயதிலிருந்தே பழக்கம் என்று நானும் எல்லோரையும்போல ஆரம்பித்தேன். அவர் பசைப் புட்டியை மூடினார். மூடிய சத்தம்தான். நான் சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்குத் தெரியாமல் சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தேன். தோழி வீட்டு முகவரிக்கு ஆர்டர் வந்துவிட்டது. திருநெல்வேலியில் கிளார்க் வேலை, மாதக் கடைசிக்குள் சேர வேண்டும். அந்தக் காகிதம் இரண்டு வாரமாக என் தலையணை உறைக்குள் இருந்தது. வேலை என்று வாயெடுத்தாலே அப்பா, "பொம்பளப் புள்ள சம்பாரிச்சுத்தான் இந்த வீட்டுல அடுப்பெரியணுமா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூ வைத்துவிட்டால் அந்தக் காகிதத்தைக் கிழித்து அதே அடுப்பில்தான் போட வேண்டும்.

"இத உங்கப்பாகிட்டல்ல சொல்லணும்? எங்கிட்டச் சொல்லி?" என்றார்.

"நீங்கதானக்கா கேட்டீங்க."

அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். உப்புத்தாளை எடுத்தார். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் தேய்த்தார், ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு தடவை பசை போட்டார். கடைசியில் நூலை அவிழ்த்து, ரோஸ் கலர் நெயில் பாலிஷ் அடித்து, "யானையைக் கட்டி இழுத்தாலும் வராது, போ" என்றார். என் கைதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவ்வளவு அழகாக இருந்தது, அவ்வளவு அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். நான் அடுப்படியில் தட்டும் தம்ளருமாக நின்றேன். "எம் பொண்ணு வேலை கீலைன்னு போற புள்ள இல்லைங்க. வீட்டோட இருக்கும்" என்று கூடத்தில் அப்பா சொல்வது கேட்டது. என் வலது கை தானாக வாய்க்குப் போனது. பிளாஸ்டிக் என்று பல்லுக்குத் தெரியுமா? ஒரே கடி. பழக்கத்தில் கடித்தேனா, வேண்டுமென்றே கடித்தேனா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன், எனக்கே தெரியவில்லை. கட்டைவிரல் நகம் ஆடியது. அதை அமுக்கிவிட்டுக்கொண்டு, காப்பியை ஆற்றி ஊற்றி, எடுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் கொடுத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது மடக்கில் நிறுத்தினார். வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ரோஸ் கலரில் முழுசாக ஒரு கட்டைவிரல் நகம்.

"ஆத்தாடி!" என்று பக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா எழுந்துவிட்டார். "யாரும் குடிக்காதீக! மருந்து வச்சிருக்காளுக!"

வேறு ஊரில் என்றால் சுத்தமில்லாத வீடு என்று முகத்தைச் சுளித்திருப்பார்கள். எங்கள் பக்கம் சாப்பிடுகிற பொருளில் நகமோ முடியோ இருந்தால் முதலில் வருவது செய்வினை என்ற நினைப்புதான். மாப்பிள்ளையை மயக்கிப் பெண்ணின் முந்தானையில் முடிந்துகொள்ள மருந்து வைத்துவிட்டோமாம். ஏழெட்டுத் தம்ளர் ஒரே நேரத்தில் தரைக்கு வந்தன. தன் காப்பியை ஏற்கனவே குடித்து முடித்திருந்த மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார்.

"அய்யோ, செய்வினை இல்லத்தா! இது பிளாஸ்டிக்கு, ஒட்டுனது!" என்று அம்மா கத்தினார். நிரூபிப்பதற்காக என் கையைப் பிடித்து ஆள்காட்டி விரல் நகத்தை இழுத்தார். அது வரவில்லை. அடுத்ததை இழுத்தார். அதுவும் வரவில்லை. கால் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நான் வீல் என்று அலறினேன்.

"பாருங்கடி, நெசமான நகத்தைப் புடுங்குறா!" என்றார் பெரியம்மா.

மந்திரவாதியா, ஏமாற்றுக்காரனா, இரண்டில் ஒன்றாக அப்பா இருந்தாக வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டு, "ஆமாங்க, பொய் நகந்தாங்க. கடிச்சு வச்சிருந்ததை மறைக்கத்தான் ஒட்டுனோம்" என்று சொல்லி ஏமாற்றுக்காரனாக நின்றார். அவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அந்த நேரத்திலும் மனதின் ஒரு மூலையில் தலையணை உறை ஞாபகத்துக்கு வந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேன் கிளம்பிப் போன பிறகு பார்த்தால், கொண்டுவந்த பூவை அவர்கள் மறக்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அப்பா அந்த நகத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கோரிப்பாளையத்துக்குப் போனார். மாடியில் செல்லூரிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் காத்திருந்தார்கள். அப்பா படியிலேயே சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். கீழே பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரும் கையில் ஸ்பேனரோடு மேலே வந்தார். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "உங்க பொண்ணு பொய் சொல்லியிருக்கா" என்று அக்கா தாண்டிக் குதிக்கப் போகிறார். நான் சொன்னது உண்மைதான் என்று நிரூபிக்க வேண்டுமென்றால் அந்த உண்மையை அப்பா முன்னால் எடுத்து வைக்க வேண்டும்.

அக்கா நகத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். மேலே ஒரு தடம், கீழே ஒரு தடம், பல் பதிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நகத்தைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

"பசை பழசுண்ணே. பழைய சரக்கு. பாக்காம ஒட்டிப்புட்டேன். தப்பு எம்மேலதான்."

வீட்டுக்காரர் ஸ்பேனரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தன் பெண்டாட்டி வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லைபோல. செல்லூர் அம்மா மகளின் கையைப் பிடித்து எழுப்பி, "எந்திரி, போவோம்" என்று படியிறங்கினார். ஒரு விரலுக்கு மட்டும் பழைய பசை, ஒன்பது விரலுக்குப் புதுப் பசையா என்று கேட்க அப்பாவுக்குத் தோன்றவில்லை. கோபமாக வந்தவனிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டால் அவனுக்கு யோசிக்க ஒன்றும் இருக்காது. திட்டிவிட்டுக் கீழே போய் நின்றுகொண்டார்.

மீதி ஒன்பதையும் மண்ணெண்ணெயில் நனைத்த துணி சுற்றி ஒவ்வொன்றாக எடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"எம் பசை எப்படின்னு ஊருக்கே தெரியும். நாலு மாசத்துல மறந்துருவாய்ங்க. உன் ஆர்டர் நாலு மாசம் காத்திருக்குமா?" பிறகு, என் விரலை வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தி, "கடிச்சாளாம்ல, சண்டாளி. ரெண்டு தடவை போட்ட பசை" என்றார்.

ஊர் மறக்கவில்லை. மதுரைக்காரர்கள் எதையாவது மறந்தால்தானே. "காப்பிக்குள்ள விழுந்த நகம்" என்று அவருடைய பெயரே மாறிப்போனது. அந்த வருஷ ஆவணி முகூர்த்தங்களுக்கு ஒருத்திகூட நகம் ஒட்ட வரவில்லை. டப்பாக்கள் பரண் ஏறின. அவர் மறுபடியும் மருதாணிக்கும், பிறகு ரவிக்கைக்கு ஹூக் வைத்துத் தைப்பதற்கும் போனார்.

எனக்கோ எல்லாம் சரியாக நடந்தது. எங்கள் வீட்டில் மருந்து வைத்த கதை கீழக்குயில்குடி வரைக்கும் போய்விட்டதால், ஒரு வருஷத்துக்கு எந்த வரனும் வாசல் மிதிக்காது என்று அம்மாவே சொன்னார். அந்த நேரத்தில் தலையணை உறையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். அப்பா அதைப் படித்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உரக்கடைக்குப் போய்விட்டார். மறுநாள், "கொஞ்ச நாளு கண்ணு மறைவா இருக்கட்டும்" என்றார். என்னை வேலைக்கு அனுப்பவில்லை, ஒளித்து வைக்கத்தான் அனுப்பினார். மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது திருநெல்வேலியில் சேர்ந்தேன்.

நாலைந்து வருஷம் கழித்து, எனக்கு முதல் பதவி உயர்வு கிடைத்து லீவில் வந்திருந்தேன். ஆனையூர் பஸ்ஸுக்காக அப்பாவும் நானும் கோரிப்பாளையம் ஸ்டாப்பில் நின்றோம். நல்ல வெயில். தைத்த துணி மூட்டையோடு அக்கா எதிரே வந்தார். அப்பாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இந்தப் பொம்பளதான், ஊசிப்போன பசையை ஒட்டி எங்க மானத்தை வாங்குனது" என்றார்.

அக்கா நின்றார். "ஆமாண்ணே, பழைய சரக்கு" என்றார். பிறகு, "பொண்ணு இப்ப என்ன பண்ணுது?"

"சர்க்கார் வேலை. மேல போயிருச்சு. நாந்தேன் பரிச்சை எழுத வச்சு, துணிஞ்சு அனுப்புனேன்." அதை அப்பா மனதார நம்பித்தான் சொன்னார்.

"நல்ல காரியம் பண்ணுனீக" என்றார் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்தார். கோபமில்லை, கிண்டல்கூட இல்லை. பேச வேண்டிய ஆள் பேசட்டும் என்று காத்திருக்கிற பார்வை.

ஒரே ஒரு வரி போதும். கடிச்சது நான்தான்ப்பா. அப்பா அங்கேயே என்னை வேலையிலிருந்து இழுத்துவந்துவிட முடியாது, அந்தக் காலம் போய்விட்டது. எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஸ்டாப்பில் நின்ற நாலு பேர் காதில் விழுந்தாலே சாயங்காலத்துக்குள் கோரிப்பாளையம் முழுக்கத் தெரிந்துவிடும், பரணில் இருக்கிற டப்பாக்கள் கீழே இறங்கிவிடும்.

நான் வாயைத் திறந்தேன்.

"அப்பா, பஸ் வந்துருச்சு, ஏறுங்க" என்றேன்.